'அ' பதிவேட்டைத் திறக்காமல் மனைப்பிரிவுக்கு ஒப்புதலா?

தோழர்களே, வயலில் கல் நட்டு, கொடி கட்டி, "டிடிசிபி அப்ரூவ்டு" என்று பலகை வைத்துவிட்டால் கேள்வி முடிந்துவிடுமா? நாம் கேட்பது ஒன்றுதான்: அது யார் நிலம்?

1892-இல் ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தைப் பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது. அதன் பிறகும் நம் மக்களைத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது. அதுதான் நிபந்தனை.

மனைப்பிரிவு விண்ணப்பத்தில் பட்டா, பத்திரம், வில்லங்கச் சான்று, சாலை அகலம் எல்லாம் பார்க்கிறார்கள். வில்லங்கச் சான்று சில பத்தாண்டுகளைத்தான் காட்டும். நம் நிலத்தின் கதையோ 130 ஆண்டுகளுக்கு மேற்பட்டது. 1980-களின் யுடிஆர் கணக்குத் திருத்தத்தில் பல ஊர்களில் 'டி.சி.' என்ற குறிப்பே காணாமல் போனது. பட்டா சுத்தம் என்கிறார்கள்; அதைச் 'சுத்தம்' செய்ததே அந்தத் திருத்தம்தான்!

காரணை பஞ்சமி நிலத்துக்காகப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் 1994-இல் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். அவர்கள் கேட்ட நிலத்தை இன்று சதுர அடிக் கணக்கில் விற்க விடுவோமா?

நகர் ஊரமைப்புத் துறை தொழில்நுட்ப ஒப்புதல் தந்தாலும், இறுதிக் கையெழுத்து உள்ளாட்சியுடையது. எனவே நம் கோரிக்கை: யுடிஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டின் நகல் இல்லாமல் கையெழுத்து கூடாது. விண்ணப்பத்தின் சர்வே எண்களைக் கிராம சபையில் வாசிக்க வேண்டும்.

மாணவர்களே, உங்கள் ஊர்ப் பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வீடு எழும்பிய பிறகு மீட்பது கடினம். கடன் வாங்கி மனை வாங்கிய ஏழையோடுதான் நாம் மோத வேண்டியிருக்கும். விற்றவன் போய்விட்டிருப்பான். கல் நடும் முன்பே கேட்போம்!