ஐவர் காக்கும் அரண்

பலர் கூடிச் செய்யும் எச்செயலிலும் இரண்டு வினாக்கள் முன்னிற்கும். எவர் எங்கு நிற்பது? நிற்பவர் எதுவரை பொறுப்பாவார்? குடும்பத்திலும் அலுவலகத்திலும் பொதுவாழ்விலும் இவ்வினாக்களுக்கு நாம் தவறான விடை கூறினால், அத்தவறு புலப்படப் பல ஆண்டுகள் ஆகும். விளையாட்டுத் திடலிலோ அடுத்த நொடியே புள்ளிக் கணக்கில் தெரிந்துவிடும். ஆதலின், கூடைப்பந்தாட்டத்தில் 'ஸோன் டிஃபென்ஸ்' எனப்படும் மண்டலத் தடுப்பாட்டத்தையும், ஐவருக்கு இடம் வகுக்கும் முறையையும் பற்றிச் சில கருத்துகளை மாணவச் செல்வங்களின் முன் வைக்க விழைகின்றோம்.

தமிழ்த்துறை மலரில் கூடைப்பந்துக்கு என்ன இடம் என வினவுவாரும் உளர். மதில் காத்தலை நொச்சி எனத் தனித்திணையாகவே வகுத்துக் காட்டிய புறப்பொருள் வெண்பாமாலையைப் பயிற்றுவிக்கும் நமக்கு, காத்தற் கலை பற்றிய பேச்சு அயலானது அன்று.

தோற்றமும் முறையும்

1891 டிசம்பரில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இவ்வாட்டத்தை அமைத்தார். கடுங்குளிர் காலத்தில் கூரையின் கீழ் ஆடத்தக்க ஓர் ஆட்டம் அவருக்குத் தேவைப்பட்டது. பீச் பழக்கூடைகள் இரண்டு, விதிகள் பதின்மூன்று, இவையே முதலீடு. வகுப்பில் 18 மாணவர்கள் இருந்தமையால் அணிக்கு ஒன்பது பேர் ஆடினர். ஐவர் அணி என்னும் வழக்கம் அந்நூற்றாண்டின் இறுதியில் நிலைபெற்றது. ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் வழியே ஆட்டம் உலகெங்கும் பரவிற்று. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி நம் நாட்டில் விளையாட்டுக் கல்விக்கு வித்திட்ட நிறுவனங்களுள் ஒன்று என்பதை அனைவரும் அறிவர்.

தடுப்பாட்டம் பெரும்பாலும் இருவகைப்படும். எதிரணியின் ஐவரில் ஒவ்வொருவரையும் நம்மவருள் ஒருவர் நிழல்போல் தொடர்வது 'ஆளுக்கு ஆள்' முறை. ஆளைத் தொடராமல், வளையத்தைச் சூழ்ந்த நிலப்பரப்பை ஐந்தாகப் பகுத்து, தம் பகுதிக்குள் நுழைவார் எவராயினும் அவரை எதிர்கொள்வது மண்டல முறை. முன்னே இருவரும் பின்னே மூவருமாக நிற்பது 2-3. மூவர் முன்னும் இருவர் பின்னும் நிற்பது 3-2. நடுவில் மூவரை நிறுத்தி முன்னும் பின்னும் ஒவ்வொருவரை வைப்பது 1-3-1. இவற்றுள் நம் கல்லூரித் திடல்களில் மிகுதியாகக் காணப்படுவது 2-3 ஆகும்.

ஒவ்வோர் அமைப்புக்கும் ஒரு வலிமையும் ஒரு குறையும் உண்டு. 2-3 அமைப்பு வளையத்தின் அடியை நன்கு காக்கும்; ஆயின் தனி எறிகோட்டின் நடுப்பகுதியும் பக்கவாட்டும் தளர்ந்திருக்கும். 3-2 அமைப்பு தொலைவிலிருந்து எறிவோரைத் தடுக்கும். ஆயின் வளையத்தடியில் ஆள் குறையும். 1-3-1 அமைப்பு பந்தை வழிமறிக்க ஏற்றது, மூலைகளைத் திறந்துவிடும். முழுவதும் மூடிய கோட்டை எதுவும் இல்லை. எதைத் திறந்துவைக்கலாம் என்பதைத் தெரிந்து தேர்வதே பயிற்சியாளரின் அறிவு.

சோம்பலின் புகலிடம் அன்று

மண்டலத் தடுப்பாட்டம் ஓட இயலாதார்க்கு உரியது என்னும் எண்ணம் நம்மிடையே பரவியுள்ளது. "மூச்சு வாங்குகிறதா? ஸோனில் நில்" என்பது திடலில் கேட்கும் பேச்சு. இதனை நாம் ஏற்பதற்கில்லை.

இவ்வெண்ணத்திற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்கத் தொழில்முறைக் கூட்டமைப்பு 1947ஆம் ஆண்டிலேயே மண்டல முறையைத் தடை செய்தது. அது ஆட்டத்தின் விரைவைக் குறைக்கும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். 1954இல் 24 நொடிக்குள் எறிந்தாக வேண்டும் என்னும் விதி அங்கே வந்த பின்னும் தடை நீடித்தது. 2001-02 ஆட்டப் பருவத்தில்தான் தடை நீங்கிற்று. அப்போதும், எவரையும் தடுக்காமல் வளையத்தடிக் கட்டத்திற்குள் மூன்று நொடிக்கு மேல் தடுப்பாளர் நிற்கலாகாது என்னும் விதி உடன் சேர்ந்தது. தடை நீக்கியோரின் கருத்து இவ்விதியிலேயே தெளிவாகிறது. மண்டலம் காக்கலாம், சும்மா நிற்றல் கூடாது.

உண்மையில் 2-3 அமைப்பில் பந்து ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாறும் ஒவ்வொரு முறையும் ஐவரும் இடம் பெயர்ந்தாக வேண்டும். பந்து மூலைக்குப் போனால் அப்பக்கத்துப் பின்வரிசை ஆட்டக்காரர் வெளியே பாய வேண்டும். அவர் விட்ட இடத்திற்கு நடுவர்நிலை ஆட்டக்காரராகிய சென்டர் நகர வேண்டும். சென்டர் விட்ட இடத்திற்கு எதிர்ப்பக்கத்தவர் உள்வாங்க வேண்டும். முன்வரிசை இருவருள் ஒருவர் எறிகோட்டின் நடுவே இறங்கி நிற்க வேண்டும். இவையனைத்தும் பந்து காற்றில் செல்லும் நேரத்திற்குள் முடிதல் வேண்டும். ஒருவர் கால் தாழ்த்தினால் நால்வர் உழைப்பும் வீணாகும். ஆளுக்கு ஆள் முறையில் தவறியவர் இன்னார் என எளிதில் கூறிவிடலாம். மண்டல முறையில் தவறு கூட்டத்தில் ஒளிந்துகொள்ளும். அதனாலேயே இம்முறைக்கு மனச்சான்று மிகுதியும் வேண்டப்படுகிறது.

இடைவெளி எவருடையது?

மண்டலத் தடுப்பாட்டத்தைத் தகர்க்க விரும்பும் அணி, நம் ஆட்டக்காரர் நிற்கும் இடத்தைத் தாக்குவதில்லை. இருவர் எல்லைகள் கூடும் இடத்தைத் தாக்கும். அங்கே பந்து வந்ததும் இவர் அவரைப் பார்ப்பார். அவர் இவரைப் பார்ப்பார். பந்து கூடைக்குள் விழும். "என் பகுதி அன்று" என்பதே தோற்ற அணிகள் பெரிதும் கூறும் சொல். நம் கருத்தில், எல்லை என்பது கடமை தொடங்கும் இடத்தைக் காட்டுவதேயன்றி, அது முடியும் இடத்தைக் காட்டுவது அன்று.

2003ஆம் ஆண்டு அமெரிக்கக் கல்லூரிகளின் தேசிய இறுதியாட்டம் இதற்குத் தக்க சான்று. 2-3 அமைப்பையே தம் அடையாளமாகக் கொண்ட பயிற்சியாளர் ஜிம் போஹைமின் சிரக்கியூஸ் அணி, கன்சாஸ் அணியை எதிர்த்து 81-78 என முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடியச் சில நொடிகளே இருந்தன. சற்று முன்னர்தான் சிரக்கியூஸின் ஹகீம் வாரிக் இரண்டு தனி எறிகளையும் தவறவிட்டிருந்தார். கன்சாஸ் வீரர் மைக்கேல் லீ மூலையில் தனித்து நின்று, ஆட்டத்தைச் சமன் செய்யக்கூடிய மூன்று புள்ளி எறிக்குப் பந்தை உயர்த்தினார். வளையத்தருகே நின்ற வாரிக் மூலைக்குப் பாய்ந்து, நீண்ட கையால் அப்பந்தைத் தட்டிவிட்டார். சிரக்கியூஸ் வென்றது. தவறவிட்ட எறிகளை எண்ணி அரை நொடி வருந்தியிருப்பின் அவர் மூலையைச் சென்றடைந்திருக்க இயலாது.

இடத்தை விட்டு நீங்கியதால் நேர்ந்த இழப்புக்கு இஸ்லாமிய வரலாற்றில் உஹதுப் போரினும் தெளிவான சான்று இல்லை. ஹிஜ்ரி 3ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 625இல், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) தலைமையில் வில்லாளர் ஐம்பதின்மரைக் குன்றின்மீது நிறுத்தி, வெற்றியாயினும் தோல்வியாயினும் அவ்விடத்தை விட்டு அகலலாகாது எனப் பணித்தார்கள். வெற்றி கண்ணெதிரே தெரிந்ததும் வில்லாளருள் பெரும்பாலோர் போர்ப்பொருள்களைச் சேர்க்க இறங்கினர். அந்நாளில் இஸ்லாத்தைத் தழுவாதிருந்த காலித் பின் வலீதின் குதிரைப்படை அவ்வழியே சுற்றி வந்து தாக்கியது. போரின் போக்கே மாறிற்று. எஞ்சிய சிலரோடு இடம் பெயராது நின்ற தலைவர் ஷஹீதானார். போரும் விளையாட்டும் ஒன்றல்ல. ஆயினும் பந்து பிடிபடுமுன்னரே எதிர்க்கூடையை நோக்கி ஓடும் ஆட்டக்காரரைக் காணுந்தோறும் இவ்வரலாறு நம் நினைவுக்கு வருகின்றது.

உயரம் ஒன்றே அளவையா?

இனி இடம் வகுத்தலைக் காண்போம். நம் கல்லூரிகளில் இது பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. நெட்டையர் வளையத்தடியில், குட்டையர் முன்வரிசையில், மற்றோர் பக்கங்களில். முதலாண்டில் பெற்ற அவ்விடமே மூன்றாண்டுக்கும் நிலைத்துவிடுகிறது.

இதனால் விளையும் கேட்டை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 185 சென்டிமீட்டர் உயரமுள்ள மாணவர் கல்லூரி அணியில் நெட்டையர்; எனவே சென்டர். மூன்றாண்டும் வளையத்தடியிலேயே நிற்கிறார். பந்தைத் தட்டிச் செல்லவோ, திடல் முழுவதையும் நோக்கிப் பந்து வழங்கவோ அவருக்குப் பயிற்சி இல்லை. மாநில அணித் தேர்வுக்குச் செல்கிறார். அங்கே 200 சென்டிமீட்டரைத் தொட்டவர் சென்டராக நிற்கிறார். இவருடைய உயரத்துக்கு அங்கே கிடைக்கும் இடம் கார்டு. அதற்குரிய திறனோ இவரிடம் இல்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் இரயில்வேயிலோ வங்கியிலோ வேலை பெற்றுக் குடும்பத்தைத் தாங்கலாம் என எண்ணிய இளைஞரின் கதவு அன்றே அடைபடுகிறது. ஐந்து நிமிட முடிவின் விலை இது.

திருக்குறளின் அதிகார வைப்பு ஈண்டு நோக்கத்தக்கது. 48ஆம் அதிகாரம் வலியறிதல், 49 காலமறிதல், 50 இடனறிதல், 51 தெரிந்து தெளிதல், 52 தெரிந்து வினையாடல். வலியும் காலமும் இடமும் அறிந்து, ஆளை ஆராய்ந்து தெளிந்த பின்னரே வினையை ஒப்படைத்தல் வருகிறது. நம் திடலில் வினை ஒப்படைத்தல் முதலில் வருகிறது. ஆராய்தல் வருவதே இல்லை.

1980ஆம் ஆண்டு அமெரிக்கத் தொழில்முறை இறுதித்தொடரின் ஆறாம் ஆட்டத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணியின் சென்டர் கரீம் அப்துல் ஜப்பார் கணுக்காற் காயத்தால் ஆடவில்லை. அவ்விடத்தில் ஆட்டத்தைத் தொடங்கியவர் இருபது வயது நிரம்பிய மேஜிக் ஜான்சன். இயல்பில் அவர் பந்து வழங்கும் பாயிண்ட் கார்டு. அன்று அவர் எடுத்தவை 42 புள்ளிகள். அணி 123-107 என வென்று கோப்பையைக் கைப்பற்றியது. எல்லா இடத்துப் பணியையும் அறிந்த ஒருவரே இன்னோர் இடத்தில் நிற்க வல்லவராவார் என்பதை இது காட்டும்.

மறுபக்கத்தையும் காண்க. 1892இல் ஸ்மித் மகளிர் கல்லூரியில் இவ்வாட்டத்தைப் பெண்களுக்கு அறிமுகப்படுத்திய செண்டா பெரன்சன், திடலை மூன்றாகப் பகுத்து, எவரும் தம் பகுதியைத் தாண்டலாகாது என விதித்தார். பெண்ணுடல் மிகையான ஓட்டத்தைத் தாங்காது என்னும் அக்கால எண்ணமே இதற்கு அடிப்படை. இவ்வழியில் வந்த அறுவர் ஆட்டம் அயோவா மாநிலப் பள்ளிகளில் 1993 வரை நீடித்தது. அதில் காவல் பகுதியில் நின்ற மாணவி கூடையை நோக்கி ஒரு முறையேனும் பந்தை எறியாமலே தம் பள்ளி ஆட்டக்காலத்தை முடித்துவிடலாம். விதியால் நேர்ந்த அந்தச் சிறைப்பாட்டை விதியே நீக்கிற்று. விதி இல்லாமலேயே நாம் நம் மாணவருக்கு அமைத்திருக்கும் சிறையை எவர் நீக்குவது?

செய்யத்தக்கவை

போட்டிக்கு நாள் குறைவு. அஸ்ருக்குப் பின் மஃரிபுக்கு முன் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் அனைவருக்கும் அனைத்தையும் கற்பிக்க இயலாது என்பர். இக்கூற்றில் நியாயம் உண்டு. போட்டி நாளில் நெட்டையரை வளையத்தடியில் நிறுத்துவதையும் நாம் குறை கூறவில்லை. நாம் வேண்டுவது பயிற்சி நாளின் மாற்றமே.

முதலாவதாக, புதிய மாணவர் ஆளுக்கு ஆள் முறையை முதலில் பயிலட்டும். ஒருவரைத் தனித்துத் தடுக்க அறியாதவர் ஒரு பகுதியைக் காக்க இயலாது. அமெரிக்கத் தொழில்முறைக் கூட்டமைப்பும் அந்நாட்டுக் கூடைப்பந்துக் கழகமும் வெளியிட்ட இளையோர் வழிகாட்டு நெறிகள், 12 வயதுக்கு உட்பட்டோருக்கு மண்டலத் தடுப்பாட்டம் வேண்டா என்றே பரிந்துரைத்தன. இரண்டாவதாக, மண்டல முறை தொடங்கும்போது, வாரத்தில் ஒரு நாளேனும் ஐவரும் ஐந்து இடங்களிலும் மாறி மாறி நிற்கட்டும். பின்வரிசையில் நின்று பார்த்தவருக்கே முன்வரிசையின் கால்தாழ்வு என்ன விளைவிக்கும் என்பது விளங்கும். மூன்றாவதாக, வாய் திறந்து பேசும் பழக்கம் வேண்டும். "பந்து எனக்கு", "பின்னால் ஆள்", "மூலைக்குப் போ" என்னும் சொற்கள் இல்லாத மண்டலம் ஊமை மண்டலம். நான்காவதாக, இடத்தை ஒதுக்கும்போது காரணத்தையும் மாணவரிடம் கூறுதல் வேண்டும். காரணம் அறிந்தவர் இடத்தை விரும்பிக் காப்பார். அறியாதவர் அதனைத் தண்டனையாகவே கருதுவார்.

நீங்கள் ஒவ்வொருவரும் மேய்ப்பாளரே, உங்கள் பொறுப்பில் உள்ளவை பற்றி வினவப்படுவீர்கள் என்னும் கருத்துப்பட அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். வினவப்படுவோர் பட்டியலில் மண்டலம் காக்கும் மாணவரும் உண்டு. அவருக்கு அம்மண்டலத்தை ஒதுக்கிய ஆசிரியரும் உண்டு. வரும் ஆண்டில் நம் திடல்களில் இடம் வகுக்கும் அந்த ஐந்து நிமிடம், ஐந்து வாரமாகட்டும். அதனால் ஓர் ஆட்டத்தை இழக்க நேரினும் இழப்போம். ஓர் இளைஞரின் எதிர்காலத்தை இழத்தல் ஆகாது.