பணம் டெல்லி, சட்டம் சென்னை: நடுவில் சிக்கிய 45 சீட்டு!

சென்னை: பரீட்சை எழுதி, பாசாகி, சீட்டுக்காகக் காத்திருந்த மாணவர்களுக்கு 2021 ஜனவரி கடைசியில் இடி விழுந்தது. எம்.டெக் பயோடெக்னாலஜி, எம்.டெக் கம்ப்யூட்டேஷனல் பயாலஜி ரெண்டு படிப்புக்கும் அந்த வருஷம் அட்மிஷனே கிடையாது என்று கையை விரித்தது அண்ணா பல்கலைக்கழகம். மொத்தம் 45 சீட்டு. காரணம், இட ஒதுக்கீட்டில் மத்திய அரசும் மாநில அரசும் போட்ட மல்லுக்கட்டு.

பெரிய படிப்பு படிக்கிறவங்க சண்டை, நமக்கென்ன என்று விட முடியாது. இதில் அடிபட்டது ஏழை வீட்டுப் பிள்ளைதான்.

என்ன மையம் இது?

கிண்டியில் 1987-ல் தொடங்கப்பட்டது அண்ணா பல்கலைக்கழக உயிரி தொழில்நுட்ப மையம். உயிரியல், வேதியியல், இன்ஜினீயரிங், கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே கூரையின் கீழ் சேர்கிற இடம்.

ஏன் சேர வேண்டும்? சர்க்கரை நோயாளி போடும் இன்சுலினையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு மாடு, பன்றியின் கணையத்தில் இருந்து எடுத்தார்கள். பிறகு மனித இன்சுலின் மரபணுவை பாக்டீரியாவிலும் ஈஸ்ட்டிலும் வைத்து, பெரிய தொட்டியில் வளர்த்து எடுக்கும் முறை வந்தது. மரபணுவைப் பிரிக்க உயிரியல் ஆள் வேண்டும். தொட்டியை ஓட்ட இன்ஜினீயர் வேண்டும். லட்சக்கணக்கான மரபணு விவரங்களை அலச கம்ப்யூட்டர் ஆள் வேண்டும்.

யானைக்கால் நோய்க் கிருமி ராத்திரியில்தான் ரத்தத்தில் அதிகம் நடமாடும். அதனால் ஊழியர்கள் ராத்திரி வீடு வீடாக வந்து விரலில் குத்தி ரத்தம் எடுத்தது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ராத்திரிக்குக் காத்திருக்காமல் நோயைக் கண்டறியும் சோதனைக்கான ஆராய்ச்சி இந்த மையத்திலும் நடந்தது. இந்த ஆராய்ச்சி யாருக்கு? குடிசைப் பகுதி ஜனங்களுக்குத்தான்.

சிக்கல் எங்கே?

இந்தப் படிப்புகளுக்கு நிதி கொடுத்தது மத்திய அரசின் உயிரி தொழில்நுட்பத் துறை. சேரும் மாணவனுக்கு மாசம் 12 ஆயிரம் ரூபாய் உதவித்தொகை. பணம் எங்களுது, அதனால் மத்திய அரசின் 49.5 சதவீத இட ஒதுக்கீடுதான் என்றது டெல்லி. பல்கலைக்கழகம் எங்களுது, அதனால் 1993-ல் போட்ட சட்டப்படி 69 சதவீதம்தான் என்றது தமிழகம்.

கணக்கைப் பாருங்கள். 45 சீட்டில் 69 சதவீதம் என்றால் 31. 49.5 சதவீதம் என்றால் 22. வித்தியாசம் 9 சீட்டு. தமிழகக் கணக்கில் பிற்பட்டோர், மிகவும் பிற்பட்டோருக்கு சேர்த்து 50 சதவீதம். மத்தியக் கணக்கில் ஓ.பி.சி.க்கு 27 மட்டும். எஸ்.சி.க்கு தமிழகத்தில் 18, மத்தியில் 15. எஸ்.டி.க்கு மட்டும் மத்தியில் கூடுதல், அங்கே 7.5, இங்கே 1.

ஆக, சண்டை நியாயமானதுதான். ஆனால் 9 சீட்டுக்கான சண்டையில் 45 சீட்டையும் இழுத்து மூடியது எந்த ஊர் நியாயம்? யானைகள் சண்டையில் நசுங்குவது புல்தானே!

கோர்ட்டு படியேறிய மாணவிகள்

ரெண்டு மாணவிகள் சென்னை ஐகோர்ட்டுக்குப் போனார்கள். 2021 பிப்ரவரியில் பல்கலைக்கழகத்தை நோக்கி கோர்ட்டு சரமாரியாகக் கேள்வி கேட்டது. கடைசியில் அந்த ஆண்டுக்கு மட்டும் 49.5 சதவீதப்படி மாணவர்களைச் சேர்க்க உத்தரவிட்டது. கதவு திறந்தது. ஆனால் கல்வியாண்டில் பாதிக்கு மேல் போன பிறகு!

வசதியான வீட்டுப் பிள்ளை வேறு காலேஜில் பணம் கட்டிச் சேர்ந்துவிடும். மாசம் 12 ஆயிரத்தை நம்பி, வீட்டுக்குப் பாரமில்லாமல் படிக்கலாம் என்று வந்த கூலித் தொழிலாளி மகளுக்கு வேறு வழி ஏது? அவளுக்கு அந்த உதவித்தொகைதான் ஹாஸ்டல் சாப்பாடு, பஸ் காசு, புத்தகம் எல்லாம்.

தீர்வு என்ன?

45 பேருக்கு மாசம் 12 ஆயிரம் என்றால் வருஷத்துக்கு 64 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். முதல் வருஷம், ரெண்டாம் வருஷம் ரெண்டு செட் மாணவர்களுக்கும் சேர்த்தாலே சுமார் 1 கோடியே 30 லட்சம்தான். ஆய்வகச் செலவு தனி. என்றாலும் ஒரு மாநில அரசுக்கு இது தாங்க முடியாத தொகையா?

69 சதவீதம் எங்கள் உரிமை என்று மேடையில் முழங்கினால் போதாது. அந்த உரிமைக்கு ஆகும் செலவையும் ஏற்கத் தயாராக இருக்க வேண்டும். டெல்லியும் நிதி கொடுக்கும்போதே நிபந்தனையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எந்தக் கணக்கில் சீட்டு என்பது, மாணவன் பரீட்சைக்கு விண்ணப்பம் போடும் முன்பே முடிவாக வேண்டும்.

பாசான பிறகு கதவை மூடினால் படிக்கிற பிள்ளை எங்கே போகும்? கோட்டையில் இருப்பவர்களும் டெல்லியில் இருப்பவர்களும் யோசிப்பார்களா?