858 டெராபைட்

2025 செப்டம்பர் 26 இரவு. தென் கொரியாவின் தேஜோன் நகரில் உள்ள அரசுத் தகவல் மையத்தின் ஐந்தாவது மாடியில் யூபிஎஸ் பேட்டரிகளைக் கீழ்த்தளத்துக்கு இறக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அப்போது ஒரு லித்தியம் பேட்டரி தீப்பற்றியது. முழுதாக அணைக்க ஏறத்தாழ 22 மணி நேரம் பிடித்தது. 647 அரசுச் சேவைகள் நின்றுபோயின என்று முதலில் அறிவித்தார்கள். அக்டோபரில் அந்த எண்ணை 709 என்று திருத்தினார்கள். அங்கே என்னென்ன ஓடிக்கொண்டிருந்தன என்ற கணக்கை வைத்திருந்த மேலாண்மை மென்பொருளும் அதே மையத்தில்தான் முடங்கிக் கிடந்தது. அது உயிர்பெற்ற பிறகே சரியான எண்ணிக்கை தெரிந்தது.

நின்றுபோன சேவைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஆனால் ஜி-டிரைவ் எரிந்தே போனது. அரசு ஊழியர்களுக்கு ஆளுக்கு 30 ஜிபி இடம் ஒதுக்கி, ‘அலுவலகக் கோப்புகளை உங்கள் கணினியில் வைக்காதீர்கள், இதிலேயே வையுங்கள்’ என்று 2018இல் அறிவுறுத்தப்பட்ட சேமிப்பகம் அது. அதில் இருந்த 858 டெராபைட்டுக்கு வேறெங்கும் பேக்கப் இல்லை. சொன்னபடி எல்லாவற்றையும் அதிலேயே வைத்திருந்த மனிதவள அமைச்சகம்தான் அதிகம் இழந்தது. மின்னஞ்சல்களிலும் அச்சிட்ட தாள்களிலும் தேடித் தேடி அதன் ஊழியர்கள் கோப்புகளை மறுபடி சேர்க்கவேண்டியதாயிற்று.

பேக்கப் ஏன் இல்லை என்ற கேள்விக்கு வந்த பதில்தான் கவலை தருகிறது. கொள்ளளவு மிகப் பெரியது, வேகம் குறைந்த சேமிப்பு அமைப்பு, அதனால் வெளியே நகல் எடுத்துவைக்க முடியவில்லை என்றார்கள். இந்தப் பதிலை ஒரு கணக்குப் போட்டே சோதிக்கலாம். 20 டெராபைட் ஹார்ட் டிஸ்க் இன்று சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கிறது. 43 டிஸ்க் இருந்தால் 858 டெராபைட்டும் அடங்கிவிடும். நொடிக்கு 10 கிகாபிட் கடத்தும் இணைப்பில் இடைவிடாமல் அனுப்பினால் எட்டு நாளில் போய்ச் சேரும். அதன்பின் அன்றன்று மாறிய கோப்புகளை மட்டும் இரவில் அனுப்பினால் போதும். உலகெங்கும் அப்படித்தான் செய்கிறார்கள். சேமிப்பகம் சிறிதாக இருந்த நாளில் தொடங்கியிருந்தால் எட்டு நாள்கூட ஆகியிருக்காது. ஒரு பணக்கார அரசுக்கு இது முடியாத காரியம் என்பதை ஏற்க முடியவில்லை.

அதுவும் அந்த நாட்டுக்கு எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. 2022 அக்டோபர் 15 அன்று சோல் அருகே பான்கியோவில் ஒரு தனியார் தகவல் மையத்தில் இதே லித்தியம் பேட்டரித் தீ. கொரியர்கள் அன்றாடம் நம்பியிருக்கும் காகாவ் நிறுவனத்தின் சேவைகள் முழுதாகத் திரும்ப 127 மணி 30 நிமிடம் ஆயிற்று. உடனே சட்டம் திருத்தப்பட்டது, தனியார் நிறுவனங்களுக்குக் கடுமையான விதிகள் வந்தன. தன் வீட்டில் அதே கண்டிப்பை அரசு காட்டவில்லை.

இந்த அலட்சியம் அரசோடு நிற்கவில்லை. கிளவுட் விற்பவர்கள் எப்போதும் வளர்ச்சியைப் பற்றியே பேசுகிறார்கள். வாடிக்கையாளர் பத்து மடங்கானாலும் தரவுத்தளம் தாங்கும், சுமை கூடினால் சர்வர் தானாகக் கூடும் என்பார்கள். அதெல்லாம் உண்மைதான். விழுந்தால் எவ்வளவு நேரத்தில் எழும், எழும்போது எதையெல்லாம் இழந்திருக்கும் என்ற பேச்சை மட்டும் எடுப்பதே இல்லை. கேட்டால், ‘இரண்டு இடங்களில் நகல் இருக்கிறதே’ என்று ஆறுதல் சொல்வார்கள்.

இரண்டு இடங்களில் வைத்திருந்த நிறுவனம்தான் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் ஓய்வூதியச் சேமிப்பைக் காக்கும் நிதியம் அது. கூகுள் கிளவுடில் அதன் தனி அமைப்பை நிறுவியபோது கூகுளின் உள்கருவி ஒன்றில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிட்டார்கள். வெற்றிடத்தை ‘ஓராண்டுக் காலம்’ என்று கருவி எடுத்துக்கொண்டது. ஆண்டு முடிந்ததும், 2024 மே மாதத் தொடக்கத்தில், யாருக்கும் எச்சரிக்கை போகாமல் அந்தத் தனி அமைப்பு அழிந்தது. இரண்டு இடத்து நகல்களும் ஒரே சந்தாவுக்குக் கீழே இருந்ததால் சேர்ந்தே போயின. உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்கும் மேல் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. யூனிசூப்பர் வேறொரு நிறுவனத்திடமும் பேக்கப் வைத்திருந்தது. மீட்சிக்கு அது பெரிதும் கைகொடுத்தது. அந்த முடிவை எடுத்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

உடன்பிரதி வேறு, பேக்கப் வேறு. முதன்மைத் தரவுத்தளத்தில் நடப்பது எல்லாம் அடுத்த கணமே உடன்பிரதிக்கும் போய்விடும், தவறான கட்டளை உட்பட. நேற்றைய நிலையை அப்படியே பிடித்துவைத்து, இன்றைய கட்டளை எட்டாத இடத்தில் இருப்பது பேக்கப்.

பேக்கப்பை எடுத்துவைத்தால் மட்டும் போதாது என்பதைக் காட்டும் தன் அனுபவத்தை, மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவையான கிட்லேப் 2017இல் மறைக்காமல் எழுதியது. அதனால்தான் அந்த அனுபவம் இன்றும் இந்தத் தொழிலில் பாடமாக இருக்கிறது. ஜனவரி 31 இரவில், பின்தங்கிப்போன உடன்பிரதியைச் சரிசெய்ய ஒரு பொறியாளர் போராடிக்கொண்டிருந்தார். பழைய கோப்புறையை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்று கட்டளை கொடுத்தார். இரண்டாம் சர்வரில் கொடுக்கவேண்டியதை முதன்மை சர்வரில் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தியபோது 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம்.

பேக்கப்பைத் தேடினார்கள். நாள்தோறும் நகல் போய்ச் சேரவேண்டிய கிடங்கு காலியாக இருந்தது. தரவுத்தளம் 9.6ஆம் பதிப்பு, நகலெடுத்த கருவியோ 9.2. ஒவ்வொரு நாளும் பிழை காட்டி நின்றிருக்கிறது. ‘தோல்வி’ என்று அனுப்பிய மின்னஞ்சல்களையும் கையொப்பம் இல்லை என்று அஞ்சல் சர்வர் தள்ளிவிட்டது. சோதனைக்காக ஒருவர் ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்துவைத்த ஒரு நகலே காப்பாற்றியது. அதுவும் மெதுவான டிஸ்க்கில் இருந்ததால் இடம் மாற்ற 18 மணி நேரம் பிடித்தது. அதற்குப்பின் தரவுப் பாதுகாப்புக்கென்று ஒரு பொறுப்பாளரை வைத்தார்கள், பேக்கப்பை மீட்டுப் பார்க்கும் சோதனையைத் தானியங்கியாக்க முனைந்தார்கள்.

தரவு ஒன்றும் தொலையாமலேகூட மீள்வது சிரமமாகலாம். 2025 அக்டோபர் 20, இங்கே தீபாவளி நண்பகல். அமேசானின் வர்ஜீனியா மையங்களில் டைனமோடிபி தரவுத்தளத்தின் இணைய முகவரிப் பதிவு காலியாகிவிட்டது. பதிவைப் புதுப்பிக்கும் தானியங்கிகளில் ஒன்று தாமதமாக வந்து பழைய திட்டத்தை மேலே எழுதியது. மற்றொன்று அதைப் பழையது என்று துடைத்தெறிந்தது. மூன்று மணி நேரத்துக்குள் முகவரியைத் திருத்திவிட்டார்கள். ஆனால் காத்துக்கிடந்த வேலைகள் ஒரே நேரத்தில் மொய்க்க, புதிய சர்வர்களை எழுப்பும் பிரிவு திணறியது. முற்றிலும் சீராக மேலும் பல மணி நேரம் ஆயிற்று.

ஆகவே ஒப்பந்தம் போடும் நிறுவனங்கள் இரண்டு எண்களைக் கேட்டு வாங்க வேண்டும். எத்தனை மணி நேரத்தில் திரும்பும்? எத்தனை மணி நேர வேலையை இழப்போம்? தொழிலில் இவற்றை முறையே ஆர்டிஓ, ஆர்பிஓ என்பார்கள். கிட்லேப் கதையில் நகலை இடம் மாற்ற மட்டுமே 18 மணி, இழந்தது 6 மணி. தாளில் எழுதிவைத்த எண்ணை நம்பக் கூடாது. வெற்று சர்வரில் பேக்கப்பை இறக்கி, கடிகாரத்தை வைத்து அளந்து பார்க்க வேண்டும். தரவு இரண்டு டெராபைட்டாக இருந்தபோது நான்கு மணி நேரத்தில் மீண்டது, இருபதானதும் அதே இணைப்பில் நாற்பது மணி நேரம் கேட்கும். வளர்ந்த பிறகு அளக்காத எண் பழைய எண். கூடுதல் கொள்ளளவுக்குப் பணம் ஒதுக்கும் அதே கோப்பில் இந்தச் சோதனைக்கும் பணம் ஒதுக்கினால் வேலை தன்னால் நடக்கும். தனிக் கோப்பு போட்டால் ஆண்டுக்கணக்கில் மேசையில் கிடக்கும்.