உங்கள் நகரத்தை நடந்து பார்த்ததுண்டா?



இந்த மாதம் உங்களிடம் ஒரு கேள்வி. நீங்கள் குடியிருக்கும் நகரத்தை நீங்கள் அறிவீர்களா? "பன்னிரண்டு வருஷமாக இங்கேதானே பிழைக்கிறோம், அறியாமல் என்ன?" என்று நீங்கள் சொல்லக்கூடும். வேலைக்குப் போகும் பேருந்தை அறிவீர்கள். மளிகைக் கடையை அறிவீர்கள். ஊருக்குப் பணம் அனுப்பும் வங்கியையும், ஆராதனைக்குக் கூடும் மண்டபத்தையும் அறிவீர்கள். இவை எல்லாவற்றையும் இணைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றையடிப் பாதைதான் கிடைக்கும். நகரமோ அந்தப் பாதைக்கு இருபுறமும் விரிந்து கிடக்கிறது.

நான் குடியிருக்கும் வைட்டிலா, கொச்சிக்கு வாசல் போன்ற இடம். 2011இல் இங்கே பெரிய பேருந்து நிலையம் வந்தது. 2019இல் மெட்ரோ ரயிலும், 2021இல் மேம்பாலமும், 2023இல் காக்கநாட்டுக்குச் செல்லும் வாட்டர் மெட்ரோ படகும் வந்தன. பிழைப்புத் தேடி வருகிற நம் மக்களில் அநேகர் பையும் கையுமாக இங்கேதான் இறங்குகிறார்கள். எல்லாரும் விரைந்து கடக்கிற இடம் இது. நிதானமாய் நடக்கிறவரைக் காண்பது அரிது.

நம் சபையின் சகோதரர் ஒருவர் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர். பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறார். காலையில் தராசின் அருகே உட்கார்ந்தால் இரவில்தான் எழுந்திருப்பார். கடந்த ஆண்டு அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. தினமும் நடக்கும்படி மருத்துவர் சொன்னார். சகோதரரோ, "நடக்க நேரம் ஏது பாஸ்டர்? கடையைப் பூட்டினால் அன்றைய வருமானம் போய்விடுமே" என்றார். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. நானும் அதே நோய்க்கு மாத்திரை உட்கொள்ளுகிறவன். இருசக்கர வாகனத்தில் வீடு சந்திக்கப் போய், ஜெபித்து, அன்பாய்க் கொடுக்கும் தேநீரைச் சர்க்கரையோடு குடித்து, மறுபடியும் வாகனத்தில் ஏறுகிறவன் அல்லவா நான்!

அவருடைய மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். ஒரு நாள் மாலை, "அப்பா, பள்ளிக்கூடப் படிவத்தில் சொந்த ஊர் கேட்கிறார்கள், என்ன எழுத?" என்று கேட்டிருக்கிறான். "தென்காசி என்று எழுது." "நான் அங்கே பிறக்கவில்லையே?" "அப்படியானால் கொச்சி என்று எழுது." "கொச்சியில் நான் எதைப் பார்த்திருக்கிறேன்?" என்று சொல்லிவிட்டுப் பையன் கைப்பேசிக்குத் திரும்பிவிட்டான். அந்த வார்த்தை தகப்பனின் இருதயத்தில் தைத்தது. கடந்த ஜனவரியில், பள்ளி விடுமுறையான ஒரு திங்கட்கிழமை, அவர் துணிந்து கடையைப் பூட்டினார். அவர், அவர் மனைவி, மகன், நான் என நால்வரும் புறப்பட்டோம்.

காலை ஏழு மணிக்கு வைட்டிலாவில் மெட்ரோ ஏறி, மகாராஜாஸ் கல்லூரி நிலையத்தில் இறங்கி, எறணாகுளம் படகுத்துறைக்கு நடந்து, ஃபோர்ட் கொச்சிக்கு அரசுப் படகு பிடித்தோம். வழியில் தெரிந்த வில்லிங்டன் தீவு இயற்கையான தீவு அன்று. பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் காலத்தில், துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டிய மண்ணைக் கொட்டி உருவாக்கிய நிலம் அது. அதன் வாத்துருத்தியில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பல்லாண்டுகளாக வாழ்கின்றன.

படகில் சகோதரர் கேட்டார்: "ஒரு நாள் நடந்தால் சர்க்கரை இறங்கிவிடுமா பாஸ்டர்?" நியாயமான கேள்வி. இறங்கிவிடாது. பெரியவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உழைப்பில் சரீரத்தை ஈடுபடுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வழிகாட்டியது. நாளொன்றுக்கு அரை மணி நேரமாக ஐந்து நாட்கள் விரைந்து நடந்தால் 150 நிமிடம் நிறைவாகும். ஒரு நாள் நடை நோயைத் தீர்க்காது. "என்னால் நடக்க முடியும்" என்பதை நமக்குக் காட்டிவிடும். தொடங்காதவனுக்கு அதுவே தேவை.

உட்கார்ந்தே செய்யும் வேலையைக் குறித்து ஒரு பழைய ஆராய்ச்சி உண்டு. லண்டன் நகரத்து இரண்டடுக்குப் பேருந்துகளில், உட்கார்ந்து ஓட்டும் ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுக்கும் நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று மருத்துவர் ஜெரி மாரிஸ் 1953இல் வெளியிட்டார். ஒரே பேருந்து, ஒரே சாலை. உட்கார்ந்தவருக்கும் நடந்தவருக்கும் இத்தனை வேற்றுமை! "பத்தாயிரம் அடி நடந்தே தீர வேண்டுமாமே?" என்று சகோதரி கேட்டார். அந்த எண், 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடிகளை எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவியது. வயதான பெண்களை ஆராய்ந்து 2019இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், சுமார் 4,400 அடிகளிலேயே நன்மை காணப்பட்டது. 7,500 அடிகளுக்கு மேல் அந்த நன்மை அதிகம் கூடவில்லை. ஆகவே குறைவாய் நடக்கிறவர்கள் சோர்ந்துபோக வேண்டாம்.

ஃபோர்ட் கொச்சியில் கரையேறியதும் சீன வலைகளுக்கு நடந்தோம். பெரிய மரச்சட்டத்தில் விரிந்த வலை. மறுமுனையில் கயிறுகளில் தொங்கும் கற்கள். ஆட்கள் சேர்ந்து கயிற்றை இழுக்க, கற்களின் பாரம் துணைநிற்க, வலை தண்ணீரைவிட்டு எழும்புகிறது. பையன் அங்கேயே கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்துவிட்டான்.

அங்கிருந்து சில நிமிட நடையில் பரிசுத்த பிரான்சிஸ் ஆலயம். போர்ச்சுகீசியர் 1503இல் மரத்தால் கட்டி, 1516இல் கல்லால் எழுப்பிய ஆலயம். 1524இல் கொச்சியில் மரித்த வாஸ்கோ ட காமா இங்கே அடக்கம் பண்ணப்பட்டார். பின்னர் அவருடைய எலும்புகளை லிஸ்பனுக்குக் கொண்டுபோனார்கள். கல்லறைக் கல் மட்டும் இருக்கிறது. 1663இல் டச்சுக்காரரும் 1795இல் ஆங்கிலேயரும் கொச்சியைப் பிடித்தார்கள், ஆலயமும் கைமாறியது. இன்று அது தென்னிந்தியத் திருச்சபையின் ஆலயம். அருகே 1905இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட சாந்தா குரூஸ் பேராலயத்தையும் கண்டு, பெரிய மழைமரங்களின் நிழலில் உட்கார்ந்து, கொண்டுபோன சப்பாத்தியைப் புசித்தோம். நம் ஆண்டவரும் பிரயாணத்தில் களைத்தபோது கிணற்றருகே உட்கார்ந்தவர்தானே! நடையில் இளைப்பாறுதல் குறைவல்ல.

வெயில் ஏறுமுன் வேளி என்னும் பகுதிக்கு நடந்தோம். அங்கே ஒரு சலவைக்கூடம் உண்டு. டச்சுக்காரர் காலத்தில் சேனையின் உடைகளை வெளுக்கத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லப்படும் வண்ணார் சமூகத்தார் இங்கே தலைமுறை தலைமுறையாய் உழைக்கிறார்கள். இப்போதுள்ள கூடம் 1976இல் அமைந்தது. வரிசையான துவைக்கும் அறைகள்; கஞ்சி போட்ட வெள்ளைத் துணிகள்; கரி நெருப்பிட்ட இஸ்திரிப் பெட்டிகள். துணி காயவைக்கக் கிளிப் இல்லை. முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடையே துணியின் முனையைச் செருகிவிடுகிறார்கள். காற்று எவ்வளவு அடித்தாலும் விழுவதில்லை.

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் பையனைப் பார்த்து, "எந்த ஊரு தம்பி?" என்று தமிழிலேயே கேட்டார். பள்ளியில் தமிழ் பேசக் கூச்சப்படும் பிள்ளை அவன். தகப்பன் பதில் சொல்ல வாயெடுக்குமுன் அவன், "வைட்டிலா தாத்தா" என்றான். "அப்போ நம்ம ஊர்தான்!" என்று அந்தப் பெரியவர் சிரித்தார். சகோதரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, காயும் துணிகளைச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நாம் வந்தேறிகள் என்று எண்ணித் தலைகுனியும் நகரத்தில், நம் மொழி இத்தனை தலைமுறைகளாக உழைத்துப் புழங்கியிருக்கிறது! பேருந்தின் ஜன்னல் வழியே இதை அறிந்துகொள்வது எப்படி?

பிறகு மட்டாஞ்சேரி. தெருவுக்குள் நுழையும்போதே சுக்கும் மிளகும் மணக்கின்றன. போர்ச்சுகீசியர் ஏறக்குறைய 1555இல் கட்டி கொச்சி மன்னருக்குக் கொடுத்து, பின்னர் டச்சுக்காரர் பழுதுபார்த்ததால் டச்சு அரண்மனை என்று பெயர்பெற்ற மாளிகை அங்கே உண்டு. அதன் அருகே, 1568இல் கட்டப்பட்ட யூதரின் ஜெப ஆலயம். தரையெங்கும் சீனாவிலிருந்து வந்த, கையால் வரைந்த நீலநிற ஓடுகள். 1948இல் இஸ்ரவேல் தேசம் உருவான பின்பு, இங்கிருந்த யூதரில் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்துவிட்டார்கள். வந்தவர்களும் போனவர்களும் நிலைத்தவர்களும் சேர்ந்து உண்டாக்கிய நகரம் இது என்பதைப் பையனுக்கு நான் விளக்கவேண்டியிருக்கவில்லை.

மாலையில் மட்டாஞ்சேரியிலிருந்து, 2025 அக்டோபரில் தொடங்கிய வாட்டர் மெட்ரோ படகில் ஹைகோர்ட் துறைக்குத் திரும்பினோம். நாங்கள் நடந்தது ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர். கால்கள் வலித்தன, மனமோ இலேசாயிருந்தது. இன்று சகோதரர் கடைக்கு நடந்தே போகிறார், அரை மணி நேரம். பள்ளி இல்லாத நாட்களில் மகனும் கூடப் போகிறான்.

பிரியமானவர்களே, நீங்களும் புறப்படுங்கள். சில ஆலோசனைகள்:

1. வெயிலுக்கு முன் தொடங்குங்கள். கொச்சியில் மார்ச் முதல் மே வரை வெப்பமும் ஈரப்பதமும் வாட்டும். தண்ணீரும் குடையும் கையில் இருக்கட்டும்.

2. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுப் புறப்படுங்கள். வேளை தவறாமல் புசியுங்கள். சர்க்கரை திடீரென்று குறைந்தால் உதவ மிட்டாய் வைத்திருங்கள். வெறுங்காலோடு நடக்க வேண்டாம்; வீடு திரும்பியதும் பாதங்களில் கொப்புளம் உண்டா என்று பாருங்கள்.

3. மார்பு வலியோ மயக்கமோ மிகுந்த மூச்சுத்திணறலோ வந்தால் உடனே நின்று மருத்துவ உதவி தேடுங்கள்.

4. மட்டாஞ்சேரிக்கு வெள்ளிக்கிழமையில் போகாதீர்கள். அரண்மனையும் ஜெப ஆலயமும் அன்று மூடியிருக்கும். ஜெப ஆலயம் சனிக்கிழமையும் திறப்பதில்லை.

5. பிள்ளைகளைக் கூட்டிச் செல்லுங்கள். வழியை அவர்கள் கேட்டு அறியட்டும். பெரியவர்களோடு அவர்களே பேசட்டும்.

நீங்கள் கொச்சியில் இல்லாமல் பெங்களூரிலோ மும்பையிலோ இருக்கலாம். எந்த நகரமானாலும் மாதத்தில் ஒரு நாளை இதற்கென்று பிரித்துவையுங்கள். ஒரு நாள் வருமானம் சிறிதல்ல என்பதை நான் அறிவேன். ஆகிலும் உங்கள் சரீரமும் உங்கள் பிள்ளைகளும் அதற்கு ஈடானவர்கள் அல்லவா? "சொந்த ஊர் எது?" என்று நாளை ஒரு படிவம் கேட்கும்போது, உங்கள் பிள்ளை தயங்காமல் எழுதட்டும்.

அடுத்த மாதம் சந்திப்போம். கர்த்தர் உங்கள் கால்களைப் பெலப்படுத்துவாராக!