நல்லாத்தானே இருக்கான், மாத்திரை எதுக்கு?

எங்கள் குடும்பத்தில் கல்யாணம், காதுகுத்து என்று எது நடந்தாலும் யாராவது ஒருவர் என்னை ஓரமாக அழைத்து இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்: "பையன் நல்லாத்தானே இருக்கான், இன்னும் எதுக்கு அந்த மாத்திரை?" கேட்பவர்கள் அன்போடுதான் கேட்கிறார்கள். ஆனால் அந்த வீட்டுக்கு இந்தக் கேள்வி செய்யும் கெடுதலை வேறெதுவும் செய்வதில்லை என்பது என் எண்ணம்.

பையன் என்றால் என் அக்காள் மகன். வயது 46. தனியார் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறான். அவனுக்கு இருபது வருடமாக பைபோலார் என்னும் இருமுனைக் கோளாறு. சில மாதம் மனம் வானத்துக்குப் பறக்கும், சில மாதம் பாதாளத்தில் கிடக்கும், நடுவில் நம் எல்லோரையும்போல் இருப்பான். இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். படித்துப் பார்த்து இரண்டு வரியை அடித்துவிட்டு, "போடுங்க மாமா" என்றான்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். அதனால் இந்த நோயைப் பற்றிப் பிரெஞ்சிலும் கொஞ்சம் தேடிப் படித்தேன். 1854இல் பாரிஸில் ஃபால்ரே, பையார்ஜே என்ற இரண்டு மருத்துவர்களுக்குள் இதை முதலில் கண்டு சொன்னது யார் என்று ஒரு சண்டை. இருவரும் சால்பெத்ரியேர் மருத்துவமனைக்காரர்கள். ஃபால்ரே வைத்த பெயர் 'ஃபோலி சிர்க்குலேர்'. வட்டமாகச் சுற்றிவரும் பித்து என்று சொல்லலாம். பித்து என்ற சொல் இன்று நமக்குப் பிடிக்காது, அது கிடக்கட்டும். அவர் அந்த வட்டத்தில் மூன்று பகுதிகளைச் சொன்னார்: துள்ளல், சோர்வு, இரண்டும் இல்லாத தெளிந்த காலம். தெளிந்த காலத்தையும் நோயின் வட்டத்துக்குள்ளேயே வைத்தார் பாருங்கள், அங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது. உறவினர்கள் 'குணமாகிவிட்டது' என்று நினைக்கும் காலம் அது. குடும்பம் செய்யவேண்டிய வேலை முழுவதும் அந்தக் காலத்தில்தான் இருக்கிறது. துள்ளல் வந்தபின் யார் சொன்னாலும் காதில் ஏறாது. சோர்வு வந்தபின் எழுந்து பல் துலக்குவதே மலையாக இருக்கும்.

ஒரு தடவை இப்படித்தான், ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். நன்றாக இருந்த பையன் திடீரென்று நிறுத்திவிட்டான். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒரே நாளில் மூன்று பழைய வேன்களுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தான், டிராவல்ஸ் தொடங்கப் போவதாக. ராத்திரி இரண்டு மணிக்கு எல்லோருக்கும் போன். அந்தச் சமயத்தில் பாதிப் பேர், "பையன் எப்படிச் சுறுசுறுப்பாயிட்டான்" என்று மெச்சினார்கள்! அழுகையை நோய் என்று நம் ஜனங்கள் சீக்கிரம் ஒப்புக்கொள்கிறார்கள். உற்சாகத்தை ஒப்புக்கொள்வதில்லை. மருத்துவரிடம் போனாலும் சோர்வை மட்டும் சொல்லிவிட்டு வருகிறவர்கள் உண்டு. சோர்வுக்கான மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு அதுவே துள்ளலைக் கிளப்பிவிடும். ஆகவே பழைய துள்ளல் நாட்களின் கதையைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. ஒருநாள் டிவியில் வடிவேலு காமெடி பார்த்து அவன் வாய்விட்டுச் சிரித்தான். என் அக்காள் சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "சிரிச்சாக்கூட சந்தேகமாம்மா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. இருபத்துநான்கு மணி நேரமும் காவல் காக்கும் வீட்டில் எந்த மனிதனுக்கும் நோய் வரும். அவனே பிறகு ஒரு வழி சொன்னான்: சிரிப்பையும் பேச்சையும் விட்டுவிடுங்கள், தூக்கத்தை மட்டும் பாருங்கள். துள்ளல் வருவதற்கு முன்னால் அவனுக்குத் தூக்கம் குறையும். மூன்று மணி நேரம் தூங்கிவிட்டுக் களைப்பே இல்லாமல் எழுந்திருப்பான். இப்போது ஒரு நோட்டில் படுத்த நேரம், எழுந்த நேரம் இரண்டையும் அவனே எழுதுகிறான். முப்பத்துநான்கு வருடம் வருகைப் பதிவேட்டோடு குப்பை கொட்டியவன் நான், கோடு போட்டுக் கொடுத்தேன். தொடர்ந்து இரண்டு ராத்திரி நாலு மணி நேரத்துக்குக் குறைந்தால் மருத்துவருக்குப் போன் போக வேண்டும். அவன் மனைவி பேசலாம், அவன் கோபப்படக்கூடாது. இது அவன் தெளிவாக இருந்தபோது அவனே ஒப்புக்கொண்டது.

பணத்துக்கும் அப்படியே. சேமிப்புக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து. செலவுக்கு வேறு கணக்கு, அதில் மாதச் செலவுக்கு மேல் இருக்காது. மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 என்று ஒன்று இருக்கிறது. எனக்குப் பதிலாக இன்னார் பேசலாம் என்று ஒரு பிரதிநிதியை நியமிக்க அதில் இடம் உண்டு. வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், முத்திரைத்தாள்கூட வேண்டாம். அரசாங்கத்தில் இப்படி ஒரு சுலபம் இருப்பதை நம்ப எனக்கே கொஞ்ச நேரம் பிடித்தது. அவன் மனைவி பெயரை எழுதியிருக்கிறான்.

மாத்திரையைப் பற்றி நம் வயதுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. அவன் சாப்பிடுவது லித்தியம். ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் இதன் பயனை எழுதினார். அது ஒரு வகை உப்பு. இரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் பலன் இல்லை, கூடினால் விஷம், அதனால்தான் அவ்வப்போது இரத்தப் பரிசோதனை. கிட்னியையும் தைராய்டையும் சேர்த்தே பார்த்துவிடுகிறார்கள். அந்த உறவினர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இல்லாமல் இல்லை. அதற்குப் பதில் பரிசோதனை. சமையலில் திடீரென்று உப்பைக் குறைத்தாலும், சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வியர்த்தாலும், வயிற்றுப்போக்கு கண்டாலும் லித்தியம் உடம்பில் ஏறிவிடும். மூட்டுவலிக்கு நாம் போட்டுக்கொள்ளும் டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் மாத்திரைகளும் அப்படித்தான் செய்யும். இடுப்பு வலி என்றானே பாவம் என்று நம் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். கை மிகவும் நடுங்கி, வாந்தி எடுத்து, நடை தள்ளாடினால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சோர்வு நாட்களில் செய்யக்கூடியது குறைவு. பக்கத்தில் உட்காரலாம். 'மனசைத் தைரியமாக வைத்துக்கொள்' என்று சொல்வதைத் தவிர்க்கலாம், அவனால் முடிந்தால் வைத்துக்கொள்ள மாட்டானா? சாவைப் பற்றிப் பேசினால் மட்டும் அதைப் பேச்சு என்று விட்டுவிடக் கூடாது. தனியே விடாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். டெலி மனஸ் என்ற அரசு எண் 14416 இருக்கிறது. இலவசம், ராத்திரியிலும் தமிழில் பேசுவார்கள்.

அடுத்த மாதம் என் அக்காளின் பேத்திக்குக் கல்யாணம், அவனுக்கு அண்ணன் மகள். முதல்நாள் ராத்திரி ரிசப்ஷன், விடியற்காலை முகூர்த்தம். வழக்கப்படி மண்டபத்திலேயே எல்லோரும் விடிய விடியச் சீட்டாட்டமும் அரட்டையும். கண்விழிப்பு இவனுக்கு ஆகாது. ஒன்பதரைக்கு அவனை வீட்டில் விட ஆட்டோ சொல்லியாகிவிட்டது, முகூர்த்தத்துக்கு வந்துவிடுவான். சொந்தச் சித்தப்பா ராத்திரி மண்டபத்தில் இல்லையே என்று யாராவது கேட்பார்கள். தூங்கப் போயிருக்கிறான் என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.