ஆட்டுக்குப் பல்லு... வாட்சுக்கு முதுகு!

பாக்கெட் மணி பக்கம்

பழைய சாவி வாட்ச் ஒண்ணு கட்டணும்னு உங்கள்ல எத்தனை பேருக்கு ஆசை? எங்க கிளாஸ்ல மட்டும் நாலு பேர் இருக்காங்க. ஸ்மார்ட் வாட்ச் போரடிச்சுப் போய், "மச்சி, ஒரு விண்டேஜ் பீஸ் வேணும்டா"ன்னு சுத்துறானுங்க. பட்ஜெட் எவ்ளோன்னு கேட்டா, ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு! அவங்களுக்காகத்தான் இந்த வாரம். ஏன்னா, இந்த சப்ஜெக்ட்ல நான் ஏற்கனவே 1,300 ரூபாய் ஃபீஸ் கட்டியிருக்கேன். (காலேஜுக்கு இல்ல பாஸ், ஏமாந்ததுக்கு!)

எனக்கு இந்த ஆசை வந்ததுக்குக் காரணம் எங்க தாத்தா. நல்லம்பள்ளி செவ்வாய்க்கிழமை சந்தையில ஆடு வாங்கி விக்கிறவர். அவர் கல்யாணத்துக்குப் பொண்ணு வீட்டுல போட்டது ஒரு எச்.எம்.டி. ஜனதா. வெள்ளை டயல், கறுப்பு முள், தோல் வார். அந்தக் காலத்துல மாப்பிள்ளைக்கு எச்.எம்.டி. போட்டாங்கன்னா அது பெரிய கெத்து. இருபது வருஷத்துக்கு மேல அதைக் கட்டியிருக்கார். அம்மா டீச்சர் ட்ரெய்னிங் சேர்ந்தப்போ, ஹாஸ்டல் ஃபீஸுக்கு ரெண்டு ஆட்டோட அந்த வாட்சையும் சேர்த்து வித்துட்டார். அதுக்கப்புறம் அவர் கையில வாட்சே கிடையாது. "மணி என்ன தாத்தா?"ன்னு கேட்டா, வெயிலைப் பார்த்துதான் சொல்வார்.

எட்டாங்கிளாஸ் பசங்களுக்கு டியூஷன் எடுத்து 2,500 ரூபாய் சேர்த்தேன். தாத்தாவுக்கு ஒரு ஜனதா... அதுதான் பிளான்.

கொஞ்சம் ஜி.கே. பார்த்துடலாமா? எச்.எம்.டி.ங்கிறது 1953ல பெங்களூர்ல ஆரம்பிச்ச மத்திய அரசு கம்பெனி. மொதல்ல மெஷின் டூல்ஸ்தான் செஞ்சாங்க. 1961ல ஜப்பான் சிட்டிசன் கம்பெனியோட கூட்டு சேர்ந்து வாட்ச் செய்ய ஆரம்பிச்சாங்க. ஜனதா, பைலட், சோனா, கோஹினூர்னு ஏகப்பட்ட மாடல். வித்தது லட்சக்கணக்குல. அதனாலதான் இன்னிக்கும் நம்ம பட்ஜெட்டுக்கு மாட்டுற பழைய வாட்ச்னா அது எச்.எம்.டி.தான்.

அப்புறம் ஏன் படுத்துச்சு? அந்தக் கதையில நம்ம மாவட்டத்துக்கும் ஒரு ரோல் இருக்கு. 1984ல டாடாவும் தமிழ்நாடு அரசோட டிட்கோவும் சேர்ந்து ஆரம்பிச்ச டைட்டன், ஃபேக்டரி போட்டது ஓசூர்ல. ஓசூர் அப்போ தர்மபுரி மாவட்டம்! (கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனதே 2004லதான்.) பேட்டரியில ஓடுற குவார்ட்ஸ் வாட்சை டைட்டன் நம்பி இறக்குச்சு. தினமும் சாவி கொடுக்க வேணாம், டயமும் தப்பாது. ஜனங்க அந்தப் பக்கம் சாய்ஞ்சுட்டாங்க. நஷ்டத்துல தள்ளாடுன எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட, 2016 ஜனவரியில மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துடுச்சு. நியூஸ் வந்ததும் பழைய வாட்சுக்கு திடீர் மவுசு. மவுசு வந்தா டூப்பும் வரணுமே... வந்துச்சு!

இப்ப நம்ம சொதப்பல் கதை. ஆன்லைன்ல ஒருத்தர் ஜனதா போட்டிருந்தார். ரத்தச் சிவப்பு டயல், தங்கக் கலர் கேஸ், சும்மா தகதகன்னு இருந்துச்சு. விலை 1,300. யோசிக்கவே இல்ல, ஆர்டர் பண்ணிட்டேன். பார்சல் வந்ததும் ஓடிப்போய் தாத்தா கையில கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கண்ணு, நம்ம ஜனதா வெள்ளை மூஞ்சி. இதுக்கு யாரோ மேக்கப் போட்டு விட்டிருக்கான். தொறந்து பாத்தியா?"

"போட்டோல நல்லா இருந்துச்சு தாத்தா..."

"ஆட்டை போட்டோ பாத்து வாங்குவியா?"

மூணாவது நாள் 11.20க்கு நின்னது, நின்னதுதான். வித்தவரைக் கேட்டா ‘நோ ரிட்டர்ன்’னு ஒரே வரி பதில். தாத்தா எதுவும் சொல்லல. அதுதான் ரொம்ப வலிச்சுது.

மறுநாள் டவுன் பஸ் ஏறி தர்மபுரி போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல, ஒரு கண்ணாடிப் பெட்டிதான் மொத்தக் கடையே. உள்ளே ஒரு பெரியவர். கண்ணுல லென்ஸை மாட்டி, பத்தே செகண்ட்ல பின்மூடியைத் திறந்துட்டார். "பாரு தம்பி"ன்னு லென்ஸை என்கிட்டயே கொடுத்தார். உள்ளே ஆரஞ்சு கலர்ல துரு. ஸ்க்ரூ தலையெல்லாம் சிதைஞ்சு கிடக்கு. இஞ்சின் எச்.எம்.டி.தான், ஆனா மத்த பார்ட்ஸ் எல்லாம் நாலைஞ்சு வாட்ச்ல இருந்து பொறுக்கிப் போட்டது. டயல் புதுசா பெயின்ட் அடிச்சது. பழைய வாட்ச் கலெக்ட் பண்றவங்க இதை ‘ரீடயல்’னு சொல்றாங்க.

தாத்தா சொன்னதன் அர்த்தம் அப்பதான் மண்டையில ஏறிச்சு. சந்தையில விவரமானவங்க ஆட்டோட முடி மினுங்குதான்னு பார்க்க மாட்டாங்க. வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பாங்க. வயசு அங்கதான் தெரியும். வாட்சுக்குப் பல்லு, முதுகுப் பக்கம்!

அந்தப் பெரியவர்கிட்ட ஒரு மணி நேரம் உட்கார்ந்து கத்துக்கிட்டதை உங்களுக்கு அப்படியே தர்றேன். நோட் பண்ணிக்கோங்க:

1. டயலைப் பாருங்க. நாற்பது வருஷத்து வாட்ச் லேசா மஞ்சள் ஏறி இருக்கிறது சகஜம். புத்தம் புதுசா கிளிப்பச்சை, ரோஸ்னு பளபளத்தா உஷார்! எழுத்து தடிச்சு இருக்கா, நிமிஷக் கோடும் மணிக் கோடும் நேருக்கு நேர் வருதான்னு செக் பண்ணுங்க. கோணலா இருந்தா ரீடயல்னு சந்தேகப்படலாம்.

2. சாவி கொடுத்துப் பாருங்க. மெதுவா திருகினா போகப் போக இறுகணும். எவ்ளோ திருகினாலும் லொடலொடன்னு சுத்திக்கிட்டே இருந்தா மெயின் ஸ்பிரிங் போயிடுச்சுன்னு வைங்க. இறுகினதுக்கு மேல அழுத்தித் திருகாதீங்க.

3. காதுல வச்சுக் கேளுங்க. ஜனதா இஞ்சின் மணிக்கு 18,000 தடவை துடிக்கும். அதாவது செகண்டுக்கு 5. சீரா ‘டிக்டிக்டிக்’னு ஓடணும். நொண்டி அடிச்சா வேண்டாம்.

4. முதுகைத் திறக்கச் சொல்லுங்க. இதுதான் முக்கியம். துரு இருக்கா? ஸ்க்ரூ தலை உடைஞ்சிருக்கா? உள்ளே ஆடுற பேலன்ஸ் வீல் தாராளமா ஆடுதா? "திறக்க முடியாது"ன்னு விக்கிறவர் சொன்னா, "நன்றி அண்ணே"ன்னு நடையைக் கட்டுங்க.

5. ‘17 ஜுவல்ஸ்’ பார்த்து மயங்காதீங்க. அது வைரம் இல்ல. சக்கரத்தோட அச்சு தேயாம இருக்க வைக்கிற செயற்கை ரூபி கல்லு. நல்ல விஷயம்தான், ஆனா அதை வித்து வீடு கட்ட முடியாது!

6. சர்வீஸுக்குக் காசு ஒதுக்குங்க. உள்ளே போட்ட எண்ணெய் சில வருஷத்துல காய்ஞ்சு பிசினாயிடும். கடைசியா எப்போ கழுவி எண்ணெய் போட்டாங்கன்னு தெரியாத வாட்சை அப்படியே ஓட்டினா தேய்மானம்தான். பட்ஜெட்ல கால் பங்கு சர்வீஸுக்குன்னு முதல்லயே எடுத்து வச்சிடுங்க.

7. தண்ணியில நனைக்காதீங்க. புதுசா இருந்தப்போ என்ன சொல்லி வித்திருந்தாலும் சரி, இப்ப அது வயசானவரு. மழை வந்தா பாக்கெட்டுக்குள்ள போயிடணும்.

இன்னொரு டவுட் வரும். டயம் கரெக்ட்டா காட்டுமா? குவார்ட்ஸ் கல்லு செகண்டுக்கு 32,768 தடவை அதிரும். 5 தடவை துடிக்கிறது அதோட போட்டி போட முடியாது. சர்வீஸ் பண்ணின பழைய ஜனதா ஒரு நாளைக்கு ஒரு நிமிஷம் முன்ன பின்ன போனா கவலைப்படாதீங்க. 86,400 செகண்ட்ல 60 செகண்ட் தப்பு, 0.07 சதவீதம் எரர். நம்ம லேப் ரெக்கார்டுல இதைவிட ஜாஸ்தி வருது!

எல்லாம் கேட்டுட்டு, "ஐயா, என்கிட்ட 1,200தான் மிச்சம் இருக்கு"ன்னேன். பெரியவர் டிராயரைத் திறந்து ஒரு ஜனதாவை எடுத்தார். வெள்ளை டயல் மஞ்சளாகி இருந்துச்சு. 4 மணிக்குப் பக்கத்துல ஒரு புள்ளி. கண்ணாடியில கீறல். பார்க்க சுமார்தான். திறந்து காட்டினார், உள்ளே துரு இல்ல, சுத்தமா இருந்துச்சு. வாட்ச் 800, சர்வீஸ் 300, தோல் வார் 100. என் மொத்த சொத்தும் காலி! திரும்பி வர பஸ் காசு பிரெண்டு ஜீபே பண்ணினான்.

அவர் சொன்ன ஒரு விஷயம் இன்னும் காதுல இருக்கு. "எனக்குப் பிறகு இந்த வேலைக்கு எங்க வீட்ல ஆள் இல்ல தம்பி." நாம எல்லாரும் வாட்சைத்தான் தேடுறோம். அதைத் திறக்கத் தெரிஞ்ச கையை யாரும் தேடுறதில்ல. அதனால என் அட்வைஸ் இதுதான். மொதல்ல உங்க ஊர்ல வாட்ச் ரிப்பேர் பண்ற ஒருத்தரைக் கண்டுபிடிங்க, அப்புறம் வாட்சைத் தேடுங்க. வாங்குறதுக்கு முன்னாடி அவர் கண்ணு பார்க்கட்டும். வாங்கின பிறகும் அவர்கிட்டதான் போயாகணும். இந்த ஆர்டரை மாத்தினதுக்குத்தான் நான் 1,300 கட்டினேன்.

பத்து நாள்ல சர்வீஸ் முடிஞ்சு வாட்ச் வீட்டுக்கு வந்துச்சு. தாத்தா டயலைப் பார்க்கல. நேரா காதுல வச்சார். ரொம்ப நேரம் கேட்டார். அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டு அவங்க காதுலயும் வச்சார். அம்மா ஒண்ணும் பேசாம சமையல்கட்டுக்குள்ள போயிட்டாங்க.

இப்போ தினமும் காலையில 6 மணிக்கு சாவி கொடுக்கிறது தாத்தாவோட டியூட்டி. வாட்ச் ஒரு நாளைக்கு ரெண்டு நிமிஷம் லேட்டா ஓடுது. சொன்னா ஒத்துக்கவே மாட்டேங்கிறார். "இந்த டவுன் பஸ்காரன் இப்பல்லாம் ரெண்டு நிமிஷம் முன்னாடியே வந்துடுறான்"ங்கிறார்!

சிவப்பு டயல் ஜனதா? என் மேஜையில 11.20 காட்டிக்கிட்டு நிக்குது. ஆன்லைன்ல கை பரபரக்கும்போதெல்லாம் அதை ஒரு தடவை பார்த்துக்குவேன். ஓ.கே. பிரெண்ட்ஸ், அடுத்த வாரம் செகண்ட் ஹேண்ட் சைக்கிளோட மீட் பண்றேன். அதுவரைக்கும்... டிக் டிக் டிக்!