வழிகாட்ட ஓர் அக்கா

எஸ்.பி.எம். முடித்தபோது மருத்துவம், சட்டம், பொறியியல் தவிர வேறு துறை எனக்குத் தெரியாது. ‘ஆக்குபேஷனல் தெராபி’ எனும் செயல்முறைச் சிகிச்சையைப் பற்றிச் சொன்னவர் பக்கத்து வீட்டு அக்கா. பொத்தான் போடவும் பென்சில் பிடிக்கவும் திணறும் பிள்ளைகளைப் பழக்கும் பணி அது. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் இதற்குப் பட்டப்படிப்பு உண்டு. பட்டம் பெற்றோர் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்று, அரசு மருத்துவமனையிலோ தனியார் மையத்திலோ பணியாற்றலாம்.

பயிற்சியின்போது, மலாயில் அழைத்தும் அசையாத ஐந்து வயதுச் சிறுவன், “தம்பி, பந்தைப் பிடிங்க” என்றதும் கை நீட்டினான். தமிழ்ப்பள்ளியில் பயின்ற ஆறாண்டுகளின் மதிப்பை அன்று உணர்ந்தேன்.

அந்த அக்கா இல்லையேல் நான் அங்கு இல்லை. எல்லார் வீட்டுப் பக்கத்திலும் அக்கா இருப்பதில்லையே! பட்டதாரி அண்ணன்மாரே, அக்காமாரே, ஆண்டுக்கு ஒருநாள் உங்கள் பழைய பள்ளிக்குச் சென்று, படிவம் ஐந்து மாணவர்களிடம் உங்கள் துறையைப் பற்றிப் பேசுங்கள்.